'சூடு பிடிச்சிருக்கு'ன்னு சும்மா இருக்காதீங்க! சிறுநீர் குறைந்தால் கிட்னிக்கு ஆபத்து

காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறோம். பல்வலி வந்தால் ராத்திரி முழுக்க தூக்கம் இல்லை. ஆனால் காலையில் இருந்து ஒரு தடவைகூட ஒண்ணுக்குப் போகவில்லை என்றால் யாரும் பதறுவது இல்லை.

"வெயில்ல அலைஞ்சது... உடம்புல சூடு பிடிச்சிருக்கு. இளநீர் குடிச்சா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

பல நேரம் அது உண்மையும்கூட. தண்ணீர் உள்ளே போனதும் நீர் பிரிந்துவிடும். ஆனால் சில நேரம் அது வெறும் சூடு அல்ல. கிட்னி தனது வேலையை நிறுத்தத் தொடங்கிவிட்டது என்பதற்கான அபாய மணி. அந்த மணி அடித்த முதல் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்து எழுந்து வேலைக்குப் போகிறார்கள். 2 நாள், 3 நாள் என்று தள்ளிப் போடுபவர்கள்தான் உயிருக்குப் போராடுகிறார்கள்.

எது சாதாரண சூடு? எது ஆபத்து? எப்படி கண்டுபிடிப்பது?

இருமல் மருந்து கொடுத்த பாடம்

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மத்திய பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டி, இருமல் சிரப் வாங்கிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் அவர்கள். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

சிரப் குடித்த சில நாட்களில் வாந்தி வந்தது. அதன்பிறகு சிறுநீர் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. நாக்பூர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனபோது கிட்னி செயல் இழந்திருந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிர் போனது.

அந்த மருந்து தயாரானது வேறு எங்கும் அல்ல. நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஒரு கம்பெனியில்தான். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் 'டைஎத்திலீன் கிளைக்கால்' என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. மருந்தில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. தமிழக அரசு 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் அந்த சிரப் விற்பனைக்குத் தடை போட்டது. பிறகு கம்பெனியின் லைசென்சும் ரத்து செய்யப்பட்டது.

இந்த ரசாயனம் புதிய எமன் அல்ல. 1973-ல் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 14 குழந்தைகள் இறந்ததற்கும், 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த சம்பவத்திலும் பேசப்பட்டது இதே ரசாயனம்தான்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிரப் பாட்டிலைப் பார்த்து உள்ளே விஷம் இருக்கிறதா என்று எந்த அம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பிள்ளை ஒண்ணுக்குப் போகவில்லை என்பதை அம்மாவால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கணக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவை இல்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தி இருக்கிறது. கடையில் நாமாகக் கேட்டு வாங்குவதும், அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததைத் தம்பிக்கு ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு போக வேண்டும்?

நம் இரண்டு கிட்னிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் 99 சதவீதத்தை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, கழிவோடு சேர்த்து ஒன்று முதல் 2 லிட்டர் வரை சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. பெரியவர்களுக்கு சாதாரணக் கணக்கு இதுதான்.

ஒரு நாள் முழுக்க 400 மில்லிக்குக் கீழே போனால் அது குறைவு. 100 மில்லிக்கும் கீழே என்றால் கிட்டத்தட்ட நின்றுபோனதற்குச் சமம்.

இன்னொரு கணக்கும் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லி. 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. 6 மணி நேரத்துக்கு 180 மில்லி. அதாவது ஒரு குவார்ட்டர் பாட்டில் அளவு! 6 மணி நேரத்தில் அதுகூட தேறவில்லை என்றால் கிட்னி தடுமாறுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் சந்தேகம் வந்தால் பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு நாள் காலை முதல் மறுநாள் காலை வரை பிடித்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். ஆனால் கூடவே மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் இருந்தால் அளந்துகொண்டு உட்காரக்கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

பெரியவர்கள் 12 மணி நேரமாக சிறுநீரே கழிக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு 8 மணி நேரம்தான் கெடு. கைக்குழந்தை என்றால் 6 மணி நேரம். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவையாவது துணியை நனைக்க வேண்டும். அழும்போது கண்ணீர் வராமல் இருப்பது, நாக்கு வறண்டு போவது, உச்சிக்குழி உள்ளே அமுங்குவது எல்லாம் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிட்டதற்கு அடையாளம்.

முதலில் சிக்கனம்... பிறகு சேதம்

வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு, எதனால் ஆனாலும் உடம்பில் நீர் குறைந்தால், மூளை கிட்னிக்கு ஒரு உத்தரவு போடுகிறது. 'இருக்கிற தண்ணியைச் சேமித்து வை' என்பதே அந்த உத்தரவு. கிட்னியும் சிக்கனமாக இருக்கும். சிறுநீர் குறைந்து கெட்டி மஞ்சளாக வரும். எரிச்சலும் இருக்கும். தென் மாவட்டங்களில் நீர்ச்சுருக்கு என்பார்கள்.

இந்தக் கட்டத்தில் தண்ணீர், மோர், உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்தால் 2, 3 மணி நேரத்தில் சரியாகிவிடும். இதுதான் ஜனங்கள் சொல்லும் சூடு.

தண்ணீர் உள்ளே போகாமலே நேரம் கடந்தால் கதை மாறுகிறது. கிட்னிக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்து, வடிகட்டும் செல்களே செத்துப் போகத் தொடங்கும். அதன்பிறகு குடம் குடமாகக் குடித்தாலும் நீர் பிரியாது. குடித்த தண்ணீர் காலிலும் முகத்திலும் வீக்கமாகத் தங்கும். நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும்.

சூட்டுக்கும் ஆபத்துக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான். குடித்ததும் நீர் பிரிந்தால் சூடு. குடித்தும் பிரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி!

உப்பளத்தில் உருகும் கிட்னி

இந்த ஆபத்து அதிகம் இருப்பது வெயிலில் நின்று சம்பாதிப்பவர்களுக்குத்தான். உப்பளம், செங்கல் சூளை, கட்டிட வேலை, ரோடு போடும் வேலை, லோடு தூக்கும் வேலை என்று இந்தப் பட்டியல் நீளம்.

தூத்துக்குடி முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போனால் தெரியும். மேலே வெயில். கீழே கண்ணைக் கூச வைக்கும் உப்பு. பாத்தியில் உப்பு வாரும்போது ஒதுங்க ஒரு மரம்கூட கிடையாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 300-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, 100-க்கு 7 பேருக்கு கிட்னியின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். வேலை இடத்தில் கழிப்பறை இல்லை. மறைவும் இல்லை. அதனால் ஒண்ணுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் குடித்த டீயோடு மத்தியானம் வரை ஓட்டுபவர்கள் உண்டு. உப்பளத்தில் மட்டும் அல்ல, ஜவுளிக் கடை, மார்க்கெட், சித்தாள் வேலை, எல்லா இடத்திலும் இதே கதைதான். தினமும் இப்படி வற்றிப் போனால் முதலில் நீர்க்கடுப்பு, கல் அடைப்பு. வருடக் கணக்கில் தொடர்ந்தால் கிட்னியே பழுது.

வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பு போட்ட நீர்மோரோ, கஞ்சித் தண்ணியோ சேர வேண்டும். சாராயம் தாகத்தைத் தீர்ப்பது போல் இருக்கும். உண்மையில் அது உடம்பில் இருக்கும் நீரையும் வெளியேற்றிவிடும்.

உடம்பு வலிக்கு மாத்திரை... கிட்னிக்கு வேட்டு!

வேலை முடிந்து வந்ததும் உடம்பு வலி. மெடிக்கலில் சொன்னால் 2 கலர் மாத்திரையை மடித்துக் கொடுக்கிறார்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் அதில் இருக்கும்.

நல்லா சாப்பிட்டு, தண்ணீர் குடித்து இருப்பவர் டாக்டர் சொன்னபடி சில நாள் எடுத்தால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் உடம்பில் நீர் வற்றி இருக்கும்போது இந்த மாத்திரை போட்டால் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டம் இன்னும் சுருங்கிவிடும். வயதானவர்கள், சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு.

கழுகுகள் கதை தெரியுமா? டைக்ளோபெனாக் ஊசி போட்ட மாட்டின் இறந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், கிட்னி செயல் இழந்து கூட்டம் கூட்டமாக செத்தன. அதனால்தான் மாடுகளுக்கு அந்த மருந்து போடுவதற்கு 2006-ல் மத்திய அரசு தடை விதித்தது.

வாந்தி, பேதி இருக்கும் நாட்களில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளிலும் சிலவற்றை டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. நாமாக நிறுத்தக்கூடாது. போன் போட்டாவது கேட்டுவிட வேண்டும்.

பாம்பு, எலி, தொண்டைப் புண்

தண்ணீர்க் குறைவு மட்டும் காரணம் அல்ல. கிட்னியையே நேராகத் தாக்கும் எதிரிகளும் இருக்கிறார்கள்.

கண்ணாடி விரியன்: வயல் வேலைக்குப் போகிறவர்களின் பெரிய எதிரி. இதன் விஷம் ரத்தத்தையும் கிட்னியையும் சேர்த்தே கெடுக்கும். கடிபட்ட இடத்தில் வீக்கம் வடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லாமல் கிளம்பி வருபவர்கள் உண்டு. அடுத்த சில நாட்கள் சிறுநீர் அளவைக் கவனிப்பது முக்கியம்.

எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் காயத்தோடு நடந்தால் இந்தக் கிருமி ஏறும். வயல் வேலை செய்பவர்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அபாயம் அதிகம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்ததே, அதுபோன்ற வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருமே கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடும் வலி, பிறகு மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவும் வந்தால் தாமதம் கூடாது.

தொண்டைப் புண், சிரங்கு: பிள்ளைகளுக்கு தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து சில வாரங்களில் சிலருக்கு கிட்னி வீங்கும். காலையில் எழும்போது முகம் உப்பி இருக்கும். சிறுநீர் குறைந்து கட்டங்காப்பி நிறத்தில் போகும். 'தூக்கம் ஜாஸ்தி, அதான் முகம் வீங்கிருக்கு' என்று விட்டுவிடக்கூடாது.

கர்ப்பிணிகள்: முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கலோடு சிறுநீரும் குறைந்தால் ரத்தக் கொதிப்பு எகிறி இருக்கலாம். தாய், குழந்தை இருவருக்குமே ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு அதிகம் இருந்தாலும் சிறுநீர் அளவைக் கவனிக்க வேண்டும்.

பூச்சி மருந்து, களைக்கொல்லி: வாயில் கொஞ்சமாகப் பட்டிருந்தால்கூட ஆஸ்பத்திரி போக வேண்டும். சில களைக்கொல்லிகள் குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார். கிட்னி பாதிப்பு பின்னால்தான் தெரியும்.

அடைப்பு என்றால் வேறு கதை

சிலருக்கு கிட்னி நன்றாக வேலை செய்யும். ஆனால் வெளியேறும் வழி அடைபட்டு இருக்கும். 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைப்பது சகஜம். அடிவயிறு பானை போல் உப்பி, முட்டும். ஆனால் சொட்டுகூட வராது. வலி தாங்க முடியாது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டால் சில நிமிடத்தில் நிம்மதி.

வலி இல்லாத அடைப்பும் உண்டு. மாதக் கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று பெரியவர்கள் வெட்கப்பட்டு சொல்லாமல் மறைப்பார்கள். உள்ளே தேங்கும் நீர் மேலே ஏறி கிட்னியைக் கெடுத்துவிடும். வீட்டில் உள்ள பிள்ளைகள்தான் விசாரிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

* வீக்கமோ மூச்சுத்திணறலோ இருக்கும்போது நீர் பிரியட்டும் என்று தண்ணீரை வலுக்கட்டாயமாகக் குடிக்கக்கூடாது.

* ஏற்கனவே கிட்னி கெட்டவர்களுக்கு இளநீர் கொடுக்கக்கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும்.

* நீர் பிரியும் மாத்திரையை கடையில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது. வற்றிய உடம்பை அது இன்னும் வற்ற வைக்கும்.

* நெருஞ்சி முள் கசாயம், நீர்முள்ளி கசாயம் என்று 2 நாள் காத்திருந்து பார்க்கக்கூடாது. போவது நேரம் அல்ல, கிட்னி.

* வாந்தி, பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். நீர் குறைவு என்றால் டிரிப்ஸ், அடைப்பு என்றால் டியூப், கிருமி என்றால் அதற்கு மருந்து. எப்போது கடைசியாக சிறுநீர் கழித்தார், என்ன மாத்திரை சாப்பிட்டார், என்ன நிறத்தில் போனது என்று கேட்பார்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் சிரப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். இந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் பயந்து ஓடிவிடுகிறார்கள். 'ஒரு தடவை பண்ணிட்டா ஆயுசு முழுக்க பண்ணணும்' என்ற பேச்சுதான் காரணம். இது தப்பு. திடீரென பாதித்த கிட்னிக்கு டயாலிசிஸ் என்பது கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்பது மாதிரி. பலருக்கு சில வாரங்களில் கிட்னி தானே வேலை செய்யத் தொடங்கும். பிறகு மெஷின் தேவை இல்லை. பல வருடமாக சர்க்கரை, பி.பி.யால் கெட்டுப் போன கிட்னிக்குத்தான் தொடர்ந்து செய்ய வேண்டி வருகிறது. டயாலிசிசுக்குப் பயந்து ஓடினால்தான் திரும்பி வரக்கூடிய கிட்னியும் போய்விடும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் செய்கிறார்கள். முதல்-அமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலும் டயாலிசிஸ் உண்டு. நீண்ட நாள் நோயாளிகளுக்கு வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யும் பைகள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வழங்கப்படுகின்றன. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் கழிகிறதா என்றும் சோதிக்கிறார்கள். சர்க்கரை, பி.பி. உள்ளவர்களும் வெயிலில் வேலை செய்பவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

உடனே 108-க்கு போன் போட வேண்டிய நேரம்

சிறுநீர் குறைந்ததோடு கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

* மூச்சுத்திணறல், படுத்தால் மூச்சு முட்டுவது

* குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு

* நெஞ்சு படபடப்பு, மயக்கம்

* நிற்காத வாந்தி, பேதி

* பாம்புக்கடி, விஷம் குடித்தது

* அடிவயிறு வீங்கி முட்டியும் நீர் வராதது

* மருந்து சாப்பிட்ட பிறகு குழந்தைக்கு சிறுநீர் குறைந்தது

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறோம். 'ஒண்ணுக்குப் போனியா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.